மினிவேனில் வந்த சாணி

எங்கள் பழைய மினிவேனை விற்கும்போது அப்பா அதை உள்ளும் புறமும் கழுவி, எலுமிச்சை வாசனைத் திரவியம் தெளித்து, ஜன்னல்களைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் நிறுத்திவைத்தார். வாங்க வந்தவர் பின்கதவைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, நாய் வளர்த்தீர்களா என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். நாய் இல்லை என்றால் வேறென்ன என்று விளக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வேன் கொள்ளும் அளவுக்கு மாட்டுச் சாணியை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் வந்த கதையை டெக்சாஸ்காரர் ஒருவரிடம் எங்கிருந்து தொடங்குவது? அப்பா விலையைக் குறைத்துக்கொண்டார்.

அந்தச் சாணி வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். நான்கு வயதில் என்னைக் கோயம்புத்தூரிலிருந்து தூக்கிவந்தவர்கள், டெக்சாஸில் டாலஸுக்குப் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கியிருந்தார்கள். தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே நிறச் செங்கல், எல்லா வீட்டு முன்னாலும் ஒரே உயரத்தில் ஓர் ஓக் கன்று. அப்பாவுக்கு ஒரு பேங்கில் டேட்டாபேஸ் வேலை. அம்மா சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கு ஆபீஸில் அம்மாவுக்குச் சம்பளம் தந்தார்கள். அதே வேலையை வீட்டில் எங்களிடம் இலவசமாகச் செய்தாள்.

அந்த வருஷம் குளிர் முடியும் சமயத்தில் அம்மா மாடியில் தெருவைப் பார்த்திருந்த அறையை ஒழித்தாள். ஊரிலிருந்து அம்மாவின் தம்பி வரப்போகிறார் என்றார்கள். புது மெத்தை வந்தது. கூடவே ஒரு மேசையும் வந்தது. பெட்டிக்குள் துண்டுதுண்டாக வந்ததை அப்பா ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து திருகிப் பூட்டினார். வெளிர் மரநிறம், இரண்டு இழுப்பறைகள், கழுத்தை வளைக்கிற மாதிரி ஒரு விளக்கு. எனக்கென்று மேசை கிடையாது, சாப்பாட்டு மேசையில் ரசப்பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் ஹோம்வொர்க் எழுதுவேன். ஆகவே அது எனக்குத்தான் என்று முடிவுகட்டி, என் கலர் பென்சில்களைக் கொண்டுபோய் இழுப்பறையில் அடுக்கினேன்.

"எடுடி அதையெல்லாம். அது மாமாவுக்கு," என்றாள் அம்மா.

நாலு மாசம் இருந்துவிட்டுப் போகிறவருக்கு, அதுவும் தோட்டம் பார்க்கிறவருக்கு, மேசை எதற்கு என்று கேட்டேன். அம்மா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

தோட்டம் என்றால் தாராபுரம் பக்கம் மூன்று ஏக்கர் செம்மண். தாத்தா காலத்தில் வருஷம் தவறாமல் யூரியா போட்டும் மருந்தடித்தும் அந்த மண் சிமெண்டுத் தரை மாதிரி ஆகிப்போயிருந்ததாம். தாத்தா, ஆத்தா இருவரும் அடுத்தடுத்துப் போன பிறகு, மாமா பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, செத்த மண்ணுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். உழவு கிடையாது, யூரியா மாதிரி உப்பு உரம் கிடையாது. பசுந்தாள் உரத்துக்குச் சணப்பை விதைத்து, பூவெடுக்கும்போது மடக்கி மண்மேலேயே படுக்கவைப்பார். தென்னமட்டை, சோளத்தட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் மண்ணுக்குப் போர்வையாகப் போர்த்துவார். அதற்கு மூடாக்கு என்று பெயர். சாணியும் வெல்லமும் பயறுமாவும் கலந்து புளிக்கவைத்த ஜீவாமிர்தத்தைக் கரைத்து ஊற்றுவார். மூன்று வருஷத்தில் மண்புழு நிறைய வந்தது, விளைச்சல்தான் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அதுவும் வரும் என்று மாமா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளைக்கு நிலம் இருக்கிறதா என்று கேட்பார்கள், ஆனால் அவர் அதில் கால் வைக்கக் கூடாது என்பார்கள்.

அந்த மூன்று ஏக்கரில் பாதி அம்மாவுக்குச் சொந்தம். அம்மாவுக்கு நிலத்தை விற்க வேண்டும், மாமாவுக்கு விற்கக் கூடாது. நேரில் உட்கார்ந்து பேசி முடிவுகட்டத்தான் அம்மா அவரை வரவழைத்தாள். பெரியவர்கள் பேச்சில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அம்மா மாமாவின் தோட்டத்தைப் பிடுங்கப் பார்க்கிறாள். வருவதற்கு முன்பே நான் மாமா கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

வந்த மறுநாள் காலையில் மாமா காப்பி டம்ளரோடு பின்பக்கம் போனார். வீட்டைச் சுற்றிச் சுவரோரமாகக் கிடந்த கறுப்பு ஹோஸைப் பார்த்துவிட்டு, இது எந்தச் செடிக்கு என்று கேட்டார். செடிக்கில்லை, வீட்டுக்கு என்றார் அப்பா. எங்கள் பக்கத்து மண் கரிசல் மாதிரி கறுப்புக் களி. கோடையில் காய்ந்து சுருங்கினால் வீட்டின் அஸ்திவாரமே வெடித்துவிடும் என்று எல்லோரும் சுற்றிலும் நனைத்துவைப்பார்கள்.

"வீட்டுக்கா தண்ணி பாய்ச்சறீங்க மச்சான்?"

"ஆமா மாப்ள. பாய்ச்சலேன்னா இன்ஷூரன்ஸ்காரன்கூட எட்டிப்பாக்க மாட்டான்."

மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஊரில் பயிருக்கே தண்ணீர் இல்லை, இங்கே சுவருக்குப் பாய்ச்சல் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு மண்வெட்டி கேட்டு வாங்கி, வேலியோரமாக ஒரு குழி வெட்டினார். மேலே பாய் மாதிரி விரித்த புல், அதற்குக் கீழே வீடு கட்டியவர்கள் விட்டுப்போன செங்கல் துண்டுகளும் சிமெண்டும், அதற்கும் கீழே கன்னங்கரேலென்று மண். அதில் ஒரு பிடி எடுத்து, டம்ளரின் அடியிலிருந்த காப்பியை ஊற்றிப் பிசைந்து உருட்டினார். அம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டாள்.

"அருமையான மண்ணுக்கா. பட்டினி கெடக்குது, அவ்வளவுதான்."

"மூணு வருஷமா செடியவரை போட்டுப் பாத்துட்டேன்டா. ஒரு சாண் வந்து மஞ்சளாப் போயிருது. நீயும் உன் பட்டினி மண்ணும்."

"நான் போட்டா வரும்."

"அப்படியா? நீ ஊருக்குப் போறதுக்குள்ள இதுல அவரக்கா காய்க்க வெச்சுக் காட்டு. தோட்டத்தப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்."

"காய்க்கலைன்னா நீங்க சொல்றபடி கேக்கறேன்க்கா."

அம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். மாமா விளையாடவில்லை. அக்கா தம்பி பஞ்சாயத்தில் தலையிட்டவன் உருப்பட்டதில்லை என்று அப்பா உள்ளே போய்விட்டார்.

சாணிக்கு எங்கே போவது என்பதுதான் முதல் பிரச்சினை. கடையில் பிளாஸ்டிக் பையில் அடைத்து விற்ற எருவை மாமா முகர்ந்துபார்த்து, இதில் உயிர் இல்லை என்று திருப்பி வைத்துவிட்டார். அவருக்கு அன்றைக்குப் போட்ட சாணி வேண்டும். ஊருக்கு வடக்கே, வீடுகள் முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்கும் இடத்தில் வேலிக்குள் மாடுகள் நிற்பதை அப்பா பார்த்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பிப் போனோம். வெள்ளைத் தாடியும் தொப்பியுமாக ஒரு பெரியவர் வந்தார். ஆபீஸில் பெரிய பெரிய ஆட்களோடெல்லாம் மீட்டிங் போடுகிற அப்பா, அவரிடம் சாணி என்று சொல்வதற்குள் திக்கித் திணறிப்போனார். எவ்வளவு வேண்டும் என்றார் தாடிக்காரர். வேன் கொள்ளும் வரை என்றார் அப்பா. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் யாரும் இதைக் கேட்டு வந்ததில்லையாம்.

மாமா இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சாம்பல் நிற மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றுக்குத் திமில் இருந்தது. கழுத்துக்குக் கீழே அலைதாடி தொங்கியது. வெகுகாலத்துக்கு முன்னால் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த வகை என்று தாடிக்காரர் சொன்னார்.

"நம்மூரு மாடு மச்சான்," என்றார் மாமா. "இது கெடைக்கும்னு நெனைக்கவே இல்லீங்க."

திமிலைப் பார்த்த பிறகு அவருக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஜீவாமிர்தத்துக்குக் கோமியமும் வேண்டும் என்று வாளியோடு ஒரு மாட்டின் பின்னால் போனார். டெக்சாஸ் மாட்டுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அது திரும்பிப் பார்த்தது, நகர்ந்தது, பிறகு ஓடியது. மாமாவும் ஓடினார். தாடிக்காரர் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குக் கூலியாக இரண்டு பெரிய கட்டு பழைய வைக்கோல் புல்லையும் சும்மாவே தந்தார். மூடாக்குக்கு அதைவிட நல்லது வேறில்லை என்று மாமா குதூகலித்தார். நான் வழியெல்லாம் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி வந்தேன்.

அதன் பிறகு எங்கள் கராஜில் ஒரு நீல டிரம் இருந்தது. சாணி, இந்தியக் கடையில் வாங்கிய வெல்லம், கடலைமாவு, ஓக் கன்றின் அடியிலிருந்து ஒரு பிடி மண். மாமா காலையும் மாலையும் கழியால் அதைக் கலக்குவார். பக்கத்து வீட்டம்மாள் வந்து, சாக்கடைக் குழாய் ஏதாவது உடைந்துவிட்டதா என்று மரியாதையாக விசாரித்தாள். ஆர்கானிக் என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லுக்கு அமெரிக்காவில் எல்லாக் கதவும் திறக்கும், அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள். வேலியோரம் மாமா பாத்தி கட்டினார். அவரை விதை ஊன்றினார், தக்காளி நட்டார், ஓரத்தில் வரிசையாகச் சோளம் போட்டார். எல்லாவற்றுக்கும் ஜீவாமிர்தம் ஊற்றி, வைக்கோல் புல்லால் போர்த்தினார். தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி ஓரங்களை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

இத்தோடு நின்றிருந்தால் விஷயம் வீட்டோடு போயிருக்கும். ஃபிரிஸ்கோவில் தமிழ்க் குடும்பங்களின் அந்தஸ்தைக் காரை வைத்தோ வீட்டை வைத்தோ அளக்க முடியாது, எல்லோரிடமும் ஒரே மாதிரி காரும் வீடும்தான். கருவேப்பிலையை வைத்துத்தான் அளப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சக்கரம் வைத்த தொட்டியில் ஒரு கருவேப்பிலைச் செடி இருக்கும். குளிர் வந்தால் கராஜுக்குள் தள்ளி ஹீட்டர் போட்டுக் காப்பாற்றுவார்கள். அம்மாவிடம் என் உயரத்துக்கு மேல் ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் சாப்பாடு. ஊரிலிருந்து வந்திருக்கும் தம்பி மண்ணுக்கு மருந்து வைத்திருக்கிறார் என்ற செய்தி பிரியாணிக்கு முன்பே பரவிவிட்டது. ஆன்ட்டிகள் ஒவ்வொருவரும் காலிப் பால் கேனில் ஜீவாமிர்தம் வாங்கிக்கொண்டார்கள். தொட்டியில் போர்த்த ஒரு பை வைக்கோல் புல்லும் வாங்கிக்கொண்டார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் எப்படி ஊற்றுவது என்று பொறுமையாகச் சொன்னார். பெண் பார்த்துத் தருவதையே பொழுதுபோக்காக வைத்திருந்த ஓர் ஆன்ட்டி அம்மாவைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், தம்பிக்கு என்ன வயசு என்று கேட்டாள். அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

அவரை முளைத்தது. முதல் இரண்டு இலை நன்றாகத்தான் விரிந்தது. அடுத்து வந்த இலை விரியவில்லை. மூடிய கை மாதிரி உள்பக்கமாகச் சுருண்டுகொண்டது. அதற்கடுத்ததும் அப்படியே. தக்காளியின் கொழுந்து நூல்நூலாகத் திரிந்து முறுக்கிக்கொண்டது. நோய் என்று நினைத்து மாமா வேப்பெண்ணெய் தெளித்தார். சத்துப் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஜீவாமிர்தம் ஊற்றினார். ஊற்ற ஊற்ற மோசமானது.

பிறகு ஆன்ட்டிகளிடமிருந்து போன் வர ஆரம்பித்தது.

"ஏழு வருஷமா வளத்தது, கொழுந்தெல்லாம் ஃபுல்லா கர்ல் ஆயிடுச்சுப்பா. பரவால்ல, உன் தம்பி நல்லதுக்குத்தானே குடுத்தார்."

ஒருத்தர்கூடத் திட்டவில்லை. எல்லோரும் பரவால்ல என்றார்கள். அந்தப் பரவால்லவைக் கேட்கும்போதெல்லாம் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். எங்கள் வீட்டுக் கருவேப்பிலையும் இலையுதிர்த்துக் குச்சியாக நின்றது. கோயிலில் அந்தப் பெண் பார்க்கும் ஆன்ட்டியைப் பார்த்தோம். வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஆபீஸ், ஸ்கூல் என்று நாங்கள் கிளம்பும்போது வேலியோரம் உட்கார்ந்திருப்பார், திரும்பி வரும்போதும் அங்கேயே இருப்பார். செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பார், மண்ணை முகர்வார். எனக்கு அவரைப் பார்க்கவே தாங்கவில்லை. இந்த அவரைதான் அவருடைய தோட்டம் என்பது எனக்குத் தெரியும். தினமும் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஓடிப்போய் ஓர் இலையாவது விரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். "டோன்ட் வொரி மாமா," என்பேன். "சரிங்க அம்மணி," என்பார்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வித்துரலாம்க்கா. என் கைக்கு மண்ணு வசப்படல. அங்கயும் இப்படித்தான் என்னமோ தப்பாப் பண்ணிட்டிருக்கேன் போல."

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். அம்மா ரசக் கரண்டியை எடுத்தாள். பிறகு, "ரசம் ஊத்தட்டுமாடா?" என்று கேட்டாள். நான் பாதித் தட்டில் எழுந்து போனேன். அம்மா ஜெயித்துவிட்டாள். அவளோடு பேசுவதில்லை என்று தீர்மானித்து, பேசாமல் இருப்பதை அவள் கவனிக்கும்படியாக அங்குமிங்கும் நடந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா வீட்டிலிருந்து வேலை பார்த்தாள். மத்தியானம் வீட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவள், ஹோஸைத் திறக்காமல் அப்படியே நின்றாள். கராஜிலிருந்து பாத்தி வரை மாமா டிரம்மைத் தூக்கிப்போன வழியெல்லாம் ஜீவாமிர்தம் சிந்தியிருந்தது. சிந்திய இடமெல்லாம் புல் பச்சைப்பசேலென்று தழைத்துக்கிடந்தது. பாத்தியோரத்துச் சோளம் என் தோளுக்கு வளர்ந்திருந்தது. அதே சாணி, அதே மூடாக்கு. அவரையும் தக்காளியும் கருவேப்பிலையும் மட்டும் செத்துக்கொண்டிருந்தன. அம்மா குனிந்து ஒரு பிடி வைக்கோல் புல்லை எடுத்துப் பார்த்தாள். லேப்டாப்பில் யாருடைய தப்பையாவது கண்டுபிடித்துவிட்டால் அவள் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆனது.

துணி துவைக்கும் மெஷின் இருந்த சின்ன அறையின் ஜன்னலில், பாட்லக்கில் மிஞ்சிய காகித கப்புகளை வரிசையாக வைத்தாள். ஒன்றில் நம் வீட்டு மண் மட்டும். ஒன்றில் மண்ணும் சாணியும். ஒன்றில் மண்ணுக்கு மேல் வைக்கோல் புல். ஒன்றில் சாணி இல்லாமல் வெல்லமும் கடலைமாவும் மட்டும். எல்லாவற்றிலும் ஒரே பாக்கெட் அவரை விதை. பேசாவிரதத்தை மறந்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து போட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஒரு தடவைக்கு ஒண்ணத்தான் மாத்தணும். இல்லைன்னா எது தப்புன்னு தெரியாது," என்றாள். "மாமாகிட்ட சொல்லாத."

மண் மட்டும் இருந்த கப்பில் அவரை நேராக வந்தது. வெல்லம் போட்டதில் அதைவிடச் செழிப்பு. சாணியிலும் வைக்கோல் புல்லிலும் வந்தவை மட்டும் கையை மூடிக்கொண்டன. எனக்கே புரிந்துவிட்டது. ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று துடித்தேன். அம்மா விடவில்லை. பொறு, பொறு என்றாள். இன்னொரு வரிசை கப்புகள் வைத்தாள். அதிலும் அதே முடிவு வந்தது. அப்போதும் சொல்லவில்லை. துணியைக் கூடையோடு எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போவாள். மெஷின் ஓடும் சத்தம் வராது. எட்டிப்பார்த்தால் கூடையை இடுப்பில் வைத்தபடி கப்புகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள். அம்மாவுக்குச் செடி வளர்ப்பதில் திடீரென்று ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குள் மாடியில் வேறொன்று தொடங்கியிருந்தது. டாலஸில் ஒரு காலேஜில் மாமாவுக்கு அப்ளை பண்ணலாம் என்று அப்பா எங்கிருந்தோ இங்கிலீஷ் டெஸ்ட் புத்தகம் வாங்கிவந்திருந்தார். மாமா அந்த மேசையில் உட்கார்ந்து விளக்கைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைத் திறந்துவைத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மேல் எவ்வளவு இரக்கம் இருந்தாலும், மேசை நிஜமாகவே கைவிட்டுப் போகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை. இட்லி வேகும்வரை அப்பாவும் மாமாவும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா கப்புகளை ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து மாமா முன்னால் வைத்தாள். எது எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"உன் கையில தப்பில்லடா. சாணியில இருக்குது. வக்கப்புல்லுலயும் இருக்குது. அந்த மாடு தின்னதுல என்னமோ இருக்குது."

மாமா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சுருண்ட இலையை விரலால் விரித்துப் பார்த்தார், அது மறுபடி மூடிக்கொண்டது. நேராக நின்ற இலையைத் தொட்டார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா இட்லிப் பானையைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே போனாள்.

அன்றைக்கே தாடிக்காரரிடம் போனோம். அவர் ஒளிக்கவில்லை. மேய்ச்சல் நிலத்தில் களை வராமலிருக்க மருந்து அடிப்பது வழக்கம்தான், புல்லையும் சோளத்தையும் ஒன்றும் செய்யாது, அகல இலைச் செடிகளை மட்டும் கொல்லும் என்றார். மாடு தின்று சாணியாகப் போட்ட பிறகும் அந்த மருந்து சாகாது, வைக்கோல் புல்லிலும் வருஷக்கணக்கில் இருக்கும், தோட்டத்துக்குப் போடாதே என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் என்றார். இத்தனை நாளில் தோட்டத்துக்கென்று கேட்டு வந்தவர்கள் யாருமில்லை, அதனால் சொல்லத் தோன்றவில்லை என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாமா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். திரும்பும் வழியில் வேன் முழுக்க மாமாவின் பேச்சுத்தான். திமிலைப் பார்த்து ஏமாந்துட்டேன் மச்சான், தீனியக் கேட்டிருக்கணும் என்றார். இனிமேல் தோட்டத்துக்குள் வெளியிலிருந்து ஒரு பிடி வைக்கோல்கூட விடமாட்டேன், நம் மண்ணில் விளைந்ததுதான் நம் மண்ணுக்கு என்றார். நான் பின்சீட்டில் கைதட்டினேன்.

ஆன்ட்டிகள் தொட்டி மண்ணை மாற்றினார்கள். சில கருவேப்பிலைகள் மறுவருஷம் துளிர்த்தன, சில துளிர்க்கவே இல்லை. மாமா வேறொரு மூலையில் வெறும் மண்ணும் வெல்லத் தண்ணீரும் உதிர்ந்த ஓக் இலையுமாக அவரையை மறுபடி ஊன்றினார். அவர் கிளம்பும் நாளில் அது முழங்கால் உயரம் வந்து, வெள்ளையாகப் பூத்திருந்தது. காய் இல்லை.

"காய்க்கலைக்கா. பேச்சுப்படி நான் தோத்துட்டேன்," என்றார் மாமா, பெட்டியோடு நின்றபடி.

அம்மா செடியைப் பார்த்தாள்.

"பூ விட்டிருச்சுல்ல. போ. போய்த் தோட்டத்தப் பாரு."

ஏர்போர்ட்டில் அம்மா மாமாவின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். உள்ளே போகும் வரை கையாட்டினாள்.

நான் காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்ப அறையை ஒழித்தபோதுதான் அம்மா சொன்னாள். நிலத்தை விற்றால் மாமாவுக்கு ஊரில் பிடிப்பு இருக்காது. இங்கே வந்து படிப்பார், வேலை கிடைக்கும், பெண்ணும் கிடைக்கும், பத்து நிமிஷத்தில் போகிற தூரத்தில் ஒரு வீடு. மெத்தையும் மேசையும் நாலு மாசத்துக்கு வாங்கியவை அல்ல. "எனக்குன்னு மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன். கூட்டிட்டு வந்து வெச்சுக்கலாம்னு பாத்தேன்," என்றாள். மாமாவும் விற்கலாம் என்று சொல்லிவிட்டிருந்தார். ஜன்னலில் இருந்த கப்புகளைக் குப்பையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் போதும். அதை யோசித்துக்கொண்டுதான் அத்தனை நாள் துணிக்கூடையோடு நின்றிருக்கிறாள்.

எனக்கு அன்று அதெல்லாம் தெரியாது. மாமாவை அனுப்பிவிட்டு வந்ததும் அம்மா மாடிக்குப் போனாள். மெத்தை விரிப்பை உருவி மடித்தாள். விளக்கின் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இந்த மேசைய நீ எடுத்துக்கோ," என்றாள். நான் குதித்தேன். அப்பாவும் நானும் அதை என் அறைக்கு இழுத்துப்போனோம். கலர் பென்சில்களை இழுப்பறையில் அடுக்கிவிட்டு, மேலே ஒட்ட ஸ்டிக்கர் வேண்டும், இப்போதே வேண்டும் என்று அம்மாவை நச்சரித்தேன். அம்மாவின் கண் சிவந்து வீங்கியிருந்தது. என்ன என்று கேட்டதற்கு அலர்ஜி என்றாள். ஃபிரிஸ்கோவில் எல்லோருக்கும் அலர்ஜி உண்டு, நான் நம்பினேன். அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கார் சாவியை எடுத்தாள்.